கேஸ் பாய்லரா, ஹீட் பம்பா? வீட்டைச் சூடாக்கும் கணக்கு

(அறிவியல் பகுதி: 9 ஆம் வகுப்பு மாணவி)



வெப்பம் பாடத்தில் வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு, உள்ளுறை வெப்பம் எல்லாம் படித்திருக்கிறோம். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்விக்கு எழுதுவோம், அப்புறம் மறந்துவிடுவோம். ஆனால் இந்தப் பாடத்தை வைத்து ஒரு குடும்பம் பல லட்ச ரூபாய் முடிவு ஒன்றை எடுக்க முடியும். அது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கொஞ்சம் பெரிய கட்டுரைதான். மதியம் மணி அடிப்பதற்குள் முடியாவிட்டால் மீதியை நாளைக்கு வந்து படியுங்கள்.

1. நமக்கு எதற்கு இந்தக் கேள்வி?

புதுச்சேரியில் வீட்டைச் சூடு பண்ண வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் நம் கவலை. மார்கழியில்கூட இங்கே 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்காது. ஒரு போர்வை போதும்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் நம் ஊரிலேயே இல்லை. 1954 நவம்பர் 1 இல் இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. 1962 ஆகஸ்ட் 16 இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்தச் சமயத்தில், விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களில் பலர் இன்றைக்குப் பிரான்ஸில் இருக்கிறார்கள். நம் வகுப்பிலேயே கை தூக்கச் சொன்னால், "எங்க சித்தப்பா பாரிஸ்ல", "எங்க பெரியம்மா துலூஸ்ல" என்று நாலைந்து கைகளாவது எழும்பும்.

எங்கள் அத்தையும் (அப்பாவின் அக்கா) அங்கேதான், பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறார். மாடி வைத்த சின்னத் தனி வீடு. ஜனவரி மாத இரவில் அங்கே 2, 3 டிகிரிதான் இருக்கும். சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். 2022 இல் ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பா முழுக்க கேஸ் விலை ஏறியது. அதிலிருந்து அத்தை குளிர்காலத்தில் மாடி ரூம் இரண்டையும் பூட்டிவிட்டு, கீழே ஒரே ரூமில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கை மூட்டு வலி வேறு. வீடியோவில் பார்க்கிற எங்கள் ஆயா, "சொந்த வீட்டிலேயே இப்படிக் குறுகிக்கிட்டு உக்காந்திருக்காளே" என்று அழும்.

இப்போது அவர்கள் வீட்டுப் பழைய கேஸ் பாய்லருக்கு வயசாகிவிட்டது. "இன்னும் ஒரு குளிர்காலம், மிஞ்சிப் போனா ரெண்டு" என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். திரும்பவும் கேஸ் பாய்லரே வாங்குவதா, ஹீட் பம்ப் போடுவதா என்று வீட்டுக்குள் வாக்குவாதம். மாமா கேஸ் கட்சி, அத்தை மகன் ஹீட் பம்ப் கட்சி. நம் வெப்பம் பாடம் இந்த வழக்கில் என்ன தீர்ப்பு சொல்கிறது என்று பார்ப்போமா?

2. கேஸ் பாய்லர் எப்படி வேலை செய்கிறது?

இது நமக்குப் புரிந்த சங்கதிதான். வென்னீர் அடுப்பில் தவலையை வைத்து எரிக்கிறோம் இல்லையா, அதன் பெரிய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வழியாக வரும் எரிவாயு எரிகிறது, தண்ணீர் சூடாகிறது. அந்தச் சூட்டுத் தண்ணீரை ஒரு பம்ப் வீடு முழுக்கச் சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு ரூமிலும் சுவர் ஓரமாக இரும்புத் தகடு மாதிரி ஒன்று இருக்கும், அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். தண்ணீர் அதற்குள் போய்ச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். அமெரிக்காவில் பெரும்பாலும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றையே சூடாக்கி ரூமுக்குள் ஊதுகிறார்கள். அந்த உலையை ஃபர்னஸ் என்பார்கள். பிரான்ஸில் இந்தப் பாய்லருக்கு ஷோதியேர் என்று பெயர்.

எரிக்கிற எல்லாச் சூடும் வீட்டுக்குள் வராது. கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும். பழைய பாய்லரில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு இப்படிப் போகலாம். புது வகைப் பாய்லர் புகையில் உள்ள நீராவியையும் குளிர வைத்துத் தண்ணீராக்கி, அதன் உள்ளுறை வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதனால் 90 பங்கு வரை கிடைக்கும். எவ்வளவு நல்ல பாய்லர் வாங்கினாலும் எரிப்பதில் உள்ள சூட்டுக்கு மேல் ஒரு துளிகூட அது தர முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எரிகிற இடத்தில் காற்று போதவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆளையே கொன்றுவிடும். அதனால்தான் பிரான்ஸில் கேஸ் பாய்லரை வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை வைத்துச் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். நம் பக்கத்து மலை ஊர்களுக்குச் சுற்றுலா போனவர்கள் மூடின ரூமுக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தித்தாளில் வந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் டூர் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

3. ஹீட் பம்ப்: குளிரிலிருந்து சூடா?

ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. இதை ஆயாவிடம் சொன்னேன். "சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்? குளிர்ல ஏதுடி சூடு?" என்று கேட்டது.

நல்ல கேள்வி. பெரிய பெரிய ஆட்களே கேட்ட கேள்வி. பதில் என்னவென்றால், சட்டியில் இருக்கிறது!

பூஜ்யம் டிகிரி செல்சியஸ் என்பது தண்ணீர் பனிக்கட்டியாகும் நிலை, அவ்வளவுதான். அதற்குக் கீழே சூடே கிடையாது என்று அர்த்தம் இல்லை. உண்மையான அடிமட்டம் –273 டிகிரி. அதைத்தான் கெல்வின் அளவில் பூஜ்யம் என்கிறோம். அப்படிப் பார்த்தால் பூஜ்யம் டிகிரிக் காற்று என்பது 273 கெல்வின். நம் ஊரின் 30 டிகிரிக் காற்று 303 கெல்வின். 273க்கும் 303க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே! ஆக, பாரிஸ் குளிர்காற்றிலும் எடுக்க எடுக்கச் சூடு இருக்கிறது. அகப்பைதான் தேவை.

அந்த அகப்பை எப்படி வேலை செய்கிறது? நான்கு படிகள்:

அ) ஆவியாதல்: ரொம்பக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் குழாய்க்குள் ஓடுகிறது. உதாரணமாக, நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் புரொப்பேன், சாதாரண அழுத்தத்தில் –42 டிகிரியிலேயே கொதித்துவிடும். இப்போது வரும் ஹீட் பம்புகளில் புரொப்பேனையே பயன்படுத்துவதும் உண்டு. வெளியே வைத்த குழாயில் இந்தத் திரவம், சொல்லப்போனால், –8 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்று 0 டிகிரி. 0 பெரிசா, –8 பெரிசா? 0தான். எனவே சூடு காற்றிலிருந்து திரவத்துக்குப் பாய்கிறது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போகும் என்ற விதியை இங்கே யாரும் மீறவில்லை. திரவம் ஆவியாகிறது.

ஆ) அழுத்துதல்: அந்த ஆவியை கம்ப்ரஸர் அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதே மாதிரி ஆவியும் சூடாகிறது. கரண்ட் செலவாவது முக்கியமாக இந்த இடத்தில்தான்.

இ) திரும்பவும் திரவமாதல்: சூடான ஆவி, வீட்டு ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தொட்டு ஓடுகிறது. தன் உள்ளுறை வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது.

ஈ) விரிதல்: ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது, மறுபடியும் சில்லென்று ஆகிவிடுகிறது. ஹோட்டலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரின் அடிப்பக்கம் வேர்த்துப் பனி பிடித்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கேஸ் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது என்பதற்கு அது நம் கண் எதிரே உள்ள சாட்சி.

பிறகு முதலிலிருந்து திரும்பவும் இதே சுற்று.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு ஹீட் பம்ப்தான். உள்ளே வைத்த பால், காய்கறியின் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறது. ஏ.சி.யும் ஹீட் பம்ப்தான். மிஷன் வீதியில் நடக்கும்போது கடைக்கு வெளியே வைத்த ஏ.சி. பெட்டியிலிருந்து முகத்தில் அனல் அடிக்குமே, அது அந்தக் கடைக்குள்ளிருந்து எடுத்த சூடு. அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்து, சூடு உள்ளேயும் குளிர் வெளியேயும் போகிற மாதிரி செய்தால் அதுவே பாரிஸ் வீட்டு ஹீட் பம்ப்.

4. கொஞ்சம் வரலாறு

1824 இல் சாதி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர், வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28. (அந்த வருஷம் நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.) பாவம், 1832 இல் 36 வயதிலேயே காலரா வந்து இறந்துவிட்டார். அவர் எண்ணத்தை எடுத்து வளர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் தாம்சன். நாம் அளவையில் சொல்லும் கெல்வின் பிரபு இவர்தான். கருவியைக் கொண்டு வெளிக்காற்றின் சூட்டை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று 1852 இலேயே சொன்னார். ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் 1850களில் உப்பு காய்ச்சும் வேலைக்கு இப்படி ஒரு இயந்திரம் செய்தார். 1938 இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில் ஹீட் பம்ப் வைத்து, பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தார்கள். குளிர்காலத்து ஆற்றுத் தண்ணீரிலிருந்து!

"ரொம்பக் குளிரான ஊரில் ஹீட் பம்ப் ஓடாது" என்று மாமா சொல்வாராம். இன்றைக்கு வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே ஹீட் பம்ப் அதிகம் உள்ள நாடுகள் நார்வே, பின்லாந்து, ஸ்வீடன். பாரிஸைவிட எவ்வளவோ குளிரான நாடுகள் இவை. ஆகவே மாமாவின் அந்த வாதம் நிற்காது.

5. ஒன்று போட்டால் மூன்று: கிணற்றுக் கணக்கு

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் ஒரு யூனிட் சூடு தரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். ஒன்று எப்படி மூன்றாகும்? ஆகாது. கரண்டில் வந்த ஒன்று, வெளிக்காற்றிலிருந்து எடுத்தது இரண்டு, ஆக மூன்று. ஆற்றல் அழிவின்மை விதி பத்திரமாக இருக்கிறது.

இதற்கு நான் ஒரு உவமை சொல்கிறேன். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவது இல்லை, கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கிணறு ஆழம் இல்லை என்றால் கொஞ்சம் கரண்டிலேயே தொட்டி நிறைந்துவிடும். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் அதே தொட்டியை நிரப்ப அதிகக் கரண்ட் ஆகும். ஹீட் பம்புக்கு "ஆழம்" என்பது வெளியே உள்ள குளிருக்கும் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டுக்கும் உள்ள இடைவெளி.

கார்னோவின் கணக்குப்படி அதிகபட்ச எல்லையைப் பார்ப்போம். (கெல்வினில் சூடான பக்கம் ÷ இடைவெளி.)

வெளியே 0°, ரேடியேட்டர் தண்ணீர் 35° என்றால்: 308 ÷ 35 = 8.8
வெளியே 0°, ரேடியேட்டர் தண்ணீர் 65° என்றால்: 338 ÷ 65 = 5.2

இது காகிதத்தில் உள்ள எல்லை. நிஜ இயந்திரம் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் எட்டும். ஆனால் பாடம் தெளிவாகத் தெரிகிறது: தண்ணீரை எவ்வளவு சூடாகக் கேட்கிறோமோ அவ்வளவு கரண்ட் செலவு. பாய்லருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை, கொதிக்கக் கொதிக்கத் தரும். மாமா கட்சிக்கு இது ஒரு பாயிண்ட்.

6. பணக் கணக்கு

பிரான்ஸில் கேஸுக்கும் நம் கரண்ட் பில் மாதிரி யூனிட் கணக்கில்தான் பணம். அத்தை வீட்டு பில்லைப் பார்த்து நான் முழு எண்ணாக்கி எடுத்துக்கொண்டவை இவை. கேஸ் ஒரு யூனிட் 11 சென்ட். கரண்ட் ஒரு யூனிட் 20 சென்ட். (100 சென்ட் ஒரு யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.) வீட்டுக்கு வருஷத்துக்கு 12,000 யூனிட் சூடு தேவை என்று வைத்துக்கொள்வோம்.

புது கேஸ் பாய்லர் (90 பங்கு): 12,000 ÷ 0.9 = 13,333 யூனிட் கேஸ். செலவு 1,467 யூரோ.
சாதாரண கரண்ட் ஹீட்டர் (1க்கு 1): 12,000 யூனிட் கரண்ட். செலவு 2,400 யூரோ.
ஹீட் பம்ப் (1க்கு 3): 4,000 யூனிட் கரண்ட். செலவு 800 யூரோ.

பார்த்தீர்களா! ஒரே கரண்ட்தான். ராடு மாதிரி எரித்தால் கேஸைவிட மோசம், பம்ப் பண்ணினால் கேஸில் பாதிதான். வருஷத்துக்கு 667 யூரோ மிச்சம். அத்தை மகன் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைப்போம்.

அவசரப்பட வேண்டாம். வாங்கும் விலை? அவர்கள் கேட்டு வைத்த விலையில் கேஸ் பாய்லர் ஆள் கூலியோடு சுமார் 5,000 யூரோ. ஹீட் பம்ப் சுமார் 14,000 யூரோ. வித்தியாசம் 9,000. அதாவது நம் பணத்தில் ஒன்பது லட்சம்! 9,000 ÷ 667 = பதிமூன்றரை வருஷம். இயந்திரத்தின் ஆயுளே பதினைந்து, இருபது வருஷம்தான். அரசாங்க உதவி ஒரு 4,000 யூரோ கிடைத்தால் ஏழரை வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். (வீட்டைச் சரிசெய்ய வருமானத்தைப் பார்த்துப் பணம் தரும் "மா பிரிம் ரெனோவ்" என்ற திட்டம் அங்கே 2020 முதல் இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறும், வேலை தொடங்குமுன் விசாரிக்க வேண்டும்.)

இப்போது கிணற்றுக் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். ரேடியேட்டர் சின்னதாக இருந்து, தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்க வேண்டியிருந்தால் மூன்று கிடைக்காது. 2.2 என்று வைப்போம். 12,000 ÷ 2.2 = 5,454 யூனிட். செலவு 1,091 யூரோ. மிச்சம் வருஷத்துக்கு 376 யூரோதான். 9,000 ÷ 376 = 24 வருஷம்! இயந்திரம் செத்த பிறகும் அசல் வராது.

அதே ஹீட் பம்ப், அதே ஊர், அதே கரண்ட். வீடு மாறினால் விடை மாறுகிறது. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம். "எது நல்ல மெஷின்?" என்று மட்டும் கேட்டால் சரியான விடை வராது. "இந்த வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும், எத்தனை டிகிரித் தண்ணீரில் வேண்டும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

7. முதலில் கூரை

ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிறவர் பெரிய மோட்டார் வாங்குவாரா, ஓட்டையை அடைப்பாரா? சூடான காற்று மேலே போகும், இது வெப்பச் சலனம். ஆகவே கூரை வழியாகத்தான் வீட்டுச் சூடு நிறைய வீணாகிறது. கூரைக்குக் கீழே உள்ள பரணில் கண்ணாடிப் பஞ்சைக் கனமாக விரித்தால் அது தடுக்கப்படும். பஞ்சுக்குள் அடைபட்ட காற்று ஓர் அரிதிற் கடத்தி. நாம் கம்பளி போர்த்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பஞ்சு போட்ட பிறகு தேவை 12,000 யூனிட்டிலிருந்து 9,000க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கேஸ் பாய்லர்: 10,000 யூனிட் கேஸ். 1,100 யூரோ.
ஹீட் பம்ப் (1க்கு 3): 3,000 யூனிட் கரண்ட். 600 யூரோ.

இரண்டு கட்சிக்கும் லாபம்! இன்னொரு லாபமும் உண்டு. வீட்டுக்குக் குறைந்த சூடு போதும் என்றால் அதே பழைய ரேடியேட்டரில் தண்ணீர் 45, 50 டிகிரி இருந்தாலே போதும். கிணற்றின் ஆழம் குறைந்துவிட்டது. ஹீட் பம்புக்கு மூன்று கிடைக்கும். சின்ன அளவு மெஷினே போதும் என்பதால் அதன் விலையும் குறையும்.

நம் வீடு ஹீட் பம்புக்குத் தயாரா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பைசா செலவு இல்லை. நல்ல குளிர் நாளில், இருக்கிற பழைய பாய்லரிலேயே தண்ணீர் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்து வைக்க வேண்டும். இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். வீடு கதகதப்பாகவே இருந்தால் ஹீட் பம்ப் தாங்கும். எந்த ரூம் ஆறிப்போகிறதோ அந்த ரூமில் பெரிய ரேடியேட்டரோ பஞ்சோ தேவை.

இதை நான் அத்தைக்கு எழுதி அனுப்பினேன். ஜனவரியில் செய்து பார்த்தார்கள். கீழே ரூம் பரவாயில்லையாம், மாடி ரூம் இரண்டும் ஆறிப்போய்விட்டதாம். கூரைக்குப் பக்கத்தில் உள்ள ரூம்கள் ஆயிற்றே. "அப்போ குத்தம் பாய்லர் மேல இல்ல, மண்டை மேல" என்று மாமாவே சிரித்தாராம். இந்த வருஷம் பரணுக்குப் பஞ்சு, பழைய பாய்லரை இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டுவது, அடுத்த வருஷம் திரும்பவும் 50 டிகிரி சோதனை செய்து பார்த்து, தேறினால் ஹீட் பம்ப். இதுதான் வீட்டில் எடுத்த முடிவு. சண்டை ஓய்ந்தது.

8. இன்னும் கவனிக்க வேண்டியவை

• ஹீட் பம்பின் வெளிப்பெட்டி சத்தம் போடும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது.
• ஈரக் குளிரில் வெளிக்குழாய் மேல் பனி படரும். அப்போது இயந்திரம் கொஞ்ச நேரம் திரும்பி ஓடி, பனியைக் கரைத்துக்கொள்ளும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.
• கரண்ட் போனால் ஹீட் பம்ப் நிற்கும். "கேஸ் இருந்தா பயம் இல்ல" என்பதும் சரியில்லை. பாய்லரின் தண்ணீர் பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது.
• பிரான்ஸில் புதிதாகக் கட்டும் தனி வீடுகளில் 2022 முதல் கேஸ் சூடாக்கலைத் தவிர்க்கும்படி விதி வந்துவிட்டது. எண்ணெய் பாய்லர் புதிதாக வைப்பதும் 2022 ஜூலை முதல் நின்றது. பழைய வீட்டுக்காரர்கள்தான் இன்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
• போனிலோ வாசலிலோ வந்து "எல்லாம் இலவசம், இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்பவர்களிடம் ஏமாறக் கூடாது. குறைந்தது மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்கிப் பார்க்க வேண்டும்.
• சுற்றுச்சூழல்: கேஸ் எரித்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். பிரான்ஸில் கரண்ட் பெரும்பாலும் அணுமின், நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால் அங்கே ஹீட் பம்ப் காற்றுக்கு ரொம்ப நல்லது. நமக்கோ பக்கத்து நெய்வேலி மாதிரி பழுப்பு நிலக்கரி எரித்தும் கரண்ட் வருகிறது. ஆகவே கரண்ட் எதிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் சுத்தம், அசுத்தம் பேச வேண்டும்.

9. நம் ஊருக்கு இதில் என்ன?

வீட்டுச் சூடு வேண்டாம், ஆனால் வென்னீர் வேண்டுமே! 15 லிட்டர் பக்கெட் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு ஏற்ற, வெப்ப ஏற்புத் திறன் சூத்திரப்படி:

15 × 4.2 × 15 = 945 கிலோ ஜூல். ஒரு யூனிட் 3,600 கிலோ ஜூல். ஆக 0.26 யூனிட்.

வீட்டில் இரண்டு பக்கெட் வென்னீருக்காக யாரும் ஹீட் பம்ப் வாங்க வேண்டாம், போட்ட பணம் எடுக்கவே முடியாது. ஆனால் நூறு பேர் தங்கும் விடுதி, ஆஸ்பத்திரி, ஹோட்டலுக்குக் கணக்குப் போடுங்கள். ராடு மாதிரிச் சூடாக்கினால் தினம் 26 யூனிட், ஹீட் பம்ப் என்றால் சுமார் 9 யூனிட். நம் ஊர்க் காற்று எப்போதும் சூடாக இருப்பதால் நம் கிணறு ஆழமே இல்லாத கிணறு! அதனால் இன்னும் குறையவும் செய்யலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரும் நல்ல வழிதான். இதற்கான தண்ணீர் ஹீட் பம்புகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன.

செய்து பார்க்க

1. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டுத் தகட்டைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று தம்பி தங்கைக்கு விளக்குங்கள்.
2. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்தால் சமையல் ரூம் குளிருமா, சூடாகுமா? யோசித்து விடையைப் பேப்பரில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். (செய்து பார்க்காதீர்கள், அம்மா திட்டுவார்கள்!)
3. கேஸ் 11 சென்ட், கரண்ட் 20 சென்ட், பாய்லர் 90 பங்கு என்றால், ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு தந்தால் ஹீட் பம்பின் பில்லும் கேஸ் பில்லும் சமமாகும்? (விடை: 20 ÷ 11 × 0.9 = 1.64. வழியை நீங்களே கண்டுபிடியுங்கள்.)
4. உங்களுக்கு வெளிநாட்டில் குளிர் ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால், அவர்கள் வீட்டில் எதை வைத்துச் சூடாக்குகிறார்கள், ரேடியேட்டர் தண்ணீர் எத்தனை டிகிரி, கூரைக்குப் பஞ்சு போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். நல்ல பதில்களை அடுத்த இதழில் ஒட்டுவோம்.